சேவ் ஆன பிறகும் சேவ் ஆகவில்லை: மாடல் கால்பேக்கும் டிரான்சாக்ஷனும் மோதும் இடம்

வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான புதிர் இது. ஆர்டர் பதிவானதும் ரசீது அனுப்ப வேண்டிய பேக்கிரவுண்ட் ஜாப் (பயனரைக் காக்கவைக்காமல் பின்னணியில் தனியாக ஓடும் வேலை), "812-ஆம் எண் ஆர்டர் கிடைக்கவில்லை" என்று எரர் கொடுத்து நின்றுவிடுகிறது. உடனே டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் 812 அங்கேயே இருக்கிறது. அதே ஜாப் மறுபடி ஓடும்போது ஒரு சிக்கலும் இல்லை. ஏதோ நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஜாபை ஐந்து விநாடி தள்ளிப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான புதிரும் உண்டு. வாடிக்கையாளர் கையில் ரசீது இருக்கிறது. ஆர்டரோ டேட்டாபேஸில் இல்லை. யாரும் அழிக்கவும் இல்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நிரலில் டேட்டாபேஸ் ரோவைக் கையாளும் மாடல் "சேவ் ஆகிவிட்டது" என்று சொல்கிற நொடியும், டேட்டாபேஸ் அந்த மாற்றத்தை மற்றவர்கள் கண்ணுக்குக் காட்டுகிற நொடியும் வேறு வேறு. இடையில் சில மில்லிவிநாடிகள் இருக்கும், சில சமயம் சில விநாடிகள்கூட. அந்த இடைவெளிக்குள் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில்தான் குழப்பம்.

## டிரான்சாக்ஷன் என்ன உறுதி தருகிறது

பல எஸ்க்யூஎல் கட்டளைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, "எல்லாம் நடக்கட்டும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்கவேண்டாம்" என்று டேட்டாபேஸிடம் சொல்வதுதான் டிரான்சாக்ஷன். பிகின் என்று தொடங்கும்; கமிட் என்றால் நிலைக்கும்; ரோல்பேக் என்றால் நடந்த சுவடே இருக்காது. இதன் குணங்களைச் சுருக்கி ஆசிட் என்ற பெயரை 1983-இல் தியோ ஹெர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் வைத்தார்கள். நம் பேச்சுக்கு டிரான்சாக்ஷனைப் பற்றி மூன்று விஷயங்கள் போதும்.

1. முழுமை. ரோல்பேக் ஆனால் அந்த மூட்டைக்குள் டேட்டாபேஸில் செய்த மாற்றம் எல்லாம் திரும்பிவிடும். டேட்டாபேஸுக்கு வெளியே செய்த எதுவும் திரும்பாது.

2. தனிமை. கமிட் ஆகும்வரை வேறு கனெக்ஷனில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. பரவலாகப் பயன்படும் டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரஸ் வழக்கமாக ரீட் கமிட்டட் என்ற தனிமை நிலையில் ஓடுகிறது, மைஎஸ்க்யூஎல் (அதன் இன்னோடிபி எஞ்சினில்) ரிப்பீட்டபிள் ரீட் என்ற நிலையில். இரண்டுக்கும் நிறைய வேறுபாடு இருந்தாலும் இந்த ஒன்றில் ஒற்றுமை: கமிட் ஆகாத ரோவை அடுத்தவருக்குக் காட்டாது.

3. பூட்டு. ஒரு ரோவை மாற்றினால், கமிட்டோ ரோல்பேக்கோ ஆகும்வரை அந்த ரோ பூட்டியே இருக்கும். அதையே மாற்ற வரும் இன்னொருவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு சின்ன விதிவிலக்கு: தானாக ஏறும் ஐடி எண்கள் ரோல்பேக்கில் திரும்புவதில்லை. 812 என்ற எண்ணை எடுத்த டிரான்சாக்ஷன் கலைந்துவிட்டால், அடுத்த ஆர்டருக்கு 813 தான். ஐடி வரிசையில் ஓட்டை இருக்கிறதே, யாரோ அழித்துவிட்டார்களோ என்று பதற வேண்டியதில்லை.

## கால்பேக் எப்போது ஓடுகிறது

ஒரு டேபிளின் ரோவை நிரலில் ஒரு ஆப்ஜெக்டாகக் கையாள்வது மாடல். அந்த ஆப்ஜெக்ட் பிறக்கும்போது, மாறும்போது, அழியும்போது தானாக ஓடும்படி நாம் கட்டிவைக்கும் கோடு (நிரல் வரிகள்) கால்பேக். ரெயில்ஸ், ஜாங்கோ, லாரவெல் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்குகள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஜாங்கோவில் இதற்கு சிக்னல் என்று பெயர், லாரவெல்லில் மாடல் ஈவென்ட்.

ரெயில்ஸில் புதிய ரோ ஒன்றைச் சேவ் செய்தால் வரிசை இப்படிப் போகும்: பிஃபோர் வேலிடேஷன், ஆஃப்டர் வேலிடேஷன், பிஃபோர் சேவ், பிஃபோர் கிரியேட், இன்ஸர்ட் கட்டளை, ஆஃப்டர் கிரியேட், ஆஃப்டர் சேவ், அதன்பின் கமிட், கடைசியாக ஆஃப்டர் கமிட். சேவ் என்ற மெத்தடே தனக்கென ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்துகொள்கிறது. ஆகவே ஆஃப்டர் சேவ் வரை எல்லாமே கமிட்டுக்கு முன்னால் ஓடுகின்றன. "ஆஃப்டர்" என்ற பெயரைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. முடிந்திருப்பது இன்ஸர்ட் கட்டளை மட்டும்தான். ஆஃப்டர் சேவுக்குள் எக்ஸெப்ஷன் எழுந்தால் அந்த இன்ஸர்ட்டும் சேர்ந்து போய்விடும்.

ஜாங்கோவும் லாரவெல்லும் இன்னும் வழுக்கலானவை. ஜாங்கோவின் இயல்புநிலை ஆட்டோகமிட், அதாவது ஒவ்வொரு கட்டளையும் முடிந்த உடனே தானாகக் கமிட் ஆவது. ரோ எழுதி முடிந்த பிறகே போஸ்ட் சேவ் சிக்னல் போகிறது. சுற்றி டிரான்சாக்ஷன் ஏதும் இல்லையென்றால் அந்த நேரத்தில் ரோ உண்மையிலேயே கமிட் ஆகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டும் அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ் என்ற செட்டிங்கைப் போட்டாலோ, யாராவது அந்தக் கோடைச் சுற்றி டிரான்சாக்ஷன் திறக்கும் அட்டாமிக் பிளாக் போட்டாலோ, அதே சிக்னல் கமிட்டுக்கு முன்னால் ஓடும். லாரவெல்லின் சேவும் தானாக டிரான்சாக்ஷன் திறப்பதில்லை. வெளியிலிருந்து ஒருவர் திறந்தால் கதை மாறிவிடும். நீங்கள் எழுதிய கால்பேக்கில் ஓர் எழுத்துக்கூட மாறாமல், அடுத்த ஃபைலில் இன்னொருவர் சேர்த்த இரண்டு வரி அதை உடைத்துவிடலாம். இந்த வகைக் கோளாறுகள் கோட் ரிவ்யூவில் சிக்காததற்கு இதுவே பெரிய காரணம்.

## நாற்பது மில்லிவிநாடியில் நடப்பது

812-ஐ மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக, வரிசைதான் முக்கியம்.

1. 0-ஆவது மில்லிவிநாடி: வெப் பிராசஸ் டிரான்சாக்ஷனைத் திறக்கிறது.

2. 3: ஆர்டர் டேபிளில் ரோ நுழைகிறது. ஐடி 812.

3. 4: ஆஃப்டர் கிரியேட் கால்பேக் ஓடி, "812-க்கு ரசீது அனுப்பு" என்ற ஜாபை ரெடிஸ் (மெமரியில் தரவை வைக்கும் தனி சர்வர்) க்யூவில் போடுகிறது. ரெடிஸ் இந்த டிரான்சாக்ஷனில் பங்காளி இல்லை. போட்ட நொடியே ஜாப் எல்லோருக்கும் தெரியும்.

4. 6: சும்மா இருந்த வொர்க்கர் (க்யூவில் உள்ள ஜாப்களை ஓட்டும் தனி பிராசஸ்) ஜாபை எடுக்கிறது. தன் சொந்தக் கனெக்ஷனில் 812-ஐத் தேடுகிறது. கமிட் ஆகாததால் கிடைக்கவில்லை. எரர்.

5. 5 முதல் 38 வரை: வெப் பிராசஸ் இன்னும் ஆர்டரின் பொருள்களை எழுதிக்கொண்டும் ஸ்டாக்கைக் குறைத்துக்கொண்டும் இருக்கிறது.

6. 40: கமிட். இப்போதுதான் 812 மற்றவர்கள் பார்வைக்கு வருகிறது.

இந்தக் கோளாறு வொர்க்கர் வேலையில்லாமல் இருக்கும்போதுதான் அதிகம் வரும். க்யூவில் கூட்டம் இருந்தால் ஜாபின் முறை வருவதற்குள் கமிட் ஆகிவிடும். வேகத்துக்காக வொர்க்கர்களைக் கூட்டிய அன்றே எரர்களும் கூடும். அந்தத் தொடர்பு யாருக்கும் சட்டென்று உறைக்காது. டெவலப்மென்ட் மெஷினில் ஜாப் அதே பிராசஸில், அதே கனெக்ஷனில் உடனே ஓடும்படி வைத்திருந்தால் அங்கே இது தலைகாட்டவே செய்யாது.

இப்போது 30-ஆவது மில்லிவிநாடியில் ஸ்டாக் போதவில்லை என்று தெரிந்து ரோல்பேக் ஆனால்? ஜாப் 812-ஐத் தேடித் தேடி ஒருநாளும் காணாது, அதுவாவது பரவாயில்லை. மெயிலைக் கால்பேக்குக்குள்ளேயே அனுப்பியிருந்தாலோ, தேவையான விவரங்கள் அனைத்தையும் ஜாபுக்குள்ளேயே வைத்திருந்தாலோ, ரசீது கிளம்பிவிட்டது. விட்ட அம்பு. இல்லாத ஆர்டருக்கு ரசீது வந்த கதை இதுதான்.

மூன்றாவது வகைதான் மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது. புதிய ரோவுக்குப் பதில், இருக்கும் ரோவை மாற்றுகிறோம் என்று வையுங்கள். பொருளின் விலை மாறுகிறது. ஆஃப்டர் சேவ் கால்பேக், தேடல் இண்டெக்ஸைப் புதுப்பிக்கும் ஜாபை க்யூவில் போடுகிறது. வொர்க்கர் ரோவைத் தேடுகிறது, கிடைக்கவும் செய்கிறது. ஆனால் பழைய விலையோடு. அதை இண்டெக்ஸில் ஏற்றிவிட்டு "வெற்றி" என்று முடிக்கிறது. அடுத்த முறை யாராவது அந்தப் பொருளைத் தொடும்வரை தேடல் பக்கத்தில் பழைய விலையே நிற்கும். எரர் லாகில் ஒரு வரிகூட இருக்காது. ஐந்து விநாடி தள்ளிப்போடும் வைத்தியம் இங்கே ஓரளவு உதவும், டிரான்சாக்ஷன் ஐந்து விநாடிக்குள் முடிந்தால்.

## வெளி சர்வீஸை உள்ளிருந்து அழைப்பது

ஆஃப்டர் சேவுக்குள் இன்னொரு நிறுவனத்தின் ஏபிஐயை நேரடியாக அழைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அந்த ஏபிஐ பதில் தர எட்டு விநாடி எடுத்தால், அந்த எட்டு விநாடியும் ரோ பூட்டியிருக்கும், ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷன் சும்மா பிடித்துவைக்கப்பட்டிருக்கும். அதே ஸ்டாக் ரோவைக் குறைக்க வரும் அடுத்த ரிக்வெஸ்ட்டுகள் வரிசையாக நிற்க, கனெக்ஷன் பூல் (பகிர்ந்துகொள்ளத் திறந்துவைத்த கனெக்ஷன்களின் தொகுப்பு) காலியாகும். அப்புறம் ஆர்டருக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் நிற்கும். வெளியார் சர்வீஸ் மெதுவானதற்கு நம் சைட் முழுவதும் படுப்பது இப்படித்தான்.

போஸ்ட்கிரஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கனெக்ஷன்களின் நிலையைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பட்டியலில் இவை "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" என்று நிற்கும். டிரான்சாக்ஷன் திறந்திருக்கிறது, கட்டளை எதுவும் ஓடவில்லை என்று பொருள். இப்படி நிற்பவற்றை ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு துண்டிக்கும் செட்டிங் 9.6 வெர்ஷனிலிருந்து இருக்கிறது. அதைப் போட்டுவைப்பது நல்லது. ஆனால் அது நோயைக் காட்டிக்கொடுக்குமே தவிர, தீர்க்காது.

## ஆஃப்டர் கமிட்: சரியான இடம், அதற்கும் முட்கள் உண்டு

வெளியே போகும் வேலைகளைக் கமிட்டுக்குப் பிறகு ஓட்டுவதுதான் பொதுவான விடை. ரெயில்ஸில் ஆஃப்டர் கமிட். ஜாங்கோவில் 1.9 வெர்ஷனிலிருந்து ஆன் கமிட். டிரான்சாக்ஷன் எதுவும் திறந்திராவிட்டால் கொடுத்த ஃபங்ஷனை உடனே ஓட்டிவிடும். லாரவெல்லில் ஜாபுக்கே ஆஃப்டர் கமிட் என்று குறிப்பிடலாம். ஜாவாவின் ஸ்பிரிங்கில் டிரான்சாக்ஷனல் ஈவென்ட் லிஸனர். பைதானில் ஜாப்களை ஓட்டும் கருவியான செலரியின் 5.4-இல் ஜாங்கோவுக்கென்றே டிலே ஆன் கமிட் வந்தது. 2024-இல் வந்த ரெயில்ஸ் 7.2, மாடலுக்கு வெளியிலும் டிரான்சாக்ஷன் மீது நேரடியாக ஆஃப்டர் கமிட் வைக்க வழி செய்தது. ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தால், எத்தனை பேர் இதில் இடறியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ஆனால் சேவ் என்ற சொல்லை எடுத்துவிட்டு கமிட் என்று போட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினால் அடுத்த சுற்றுக் கோளாறுகள் வரும்.

1. இரண்டு முறை சேவ். ஒரே டிரான்சாக்ஷனில் ஒரு ஆர்டரை முதலில் "பணம் வந்தது" என்று மாற்றிச் சேவ் செய்கிறோம். பிறகு மொத்தத் தொகையைத் திருத்தி இன்னொரு சேவ். கமிட் ஆனதும் ஆஃப்டர் கமிட் ஒரே முறைதான் ஓடும். அங்கே "நிலை மாறியதா?" என்று ரெயில்ஸிடம் கேட்டால், கடைசி சேவை மட்டும் பார்த்து "இல்லை" என்று சொல்லும். ரசீது போகாது. இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் தனித்தனியே சேவ் செய்யும் டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக இருக்கும். வழி: மாற்றத்தை ஆஃப்டர் சேவில் ஆப்ஜெக்டுக்குள் குறித்துவைத்துக்கொண்டு, செயலை மட்டும் ஆஃப்டர் கமிட்டில் செய்வது.

2. எக்ஸெப்ஷன். இங்கே எரர் வந்தால் ரோல்பேக் ஆகாது. தரவு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆனால் பயனருக்கு 500 எரர் பக்கம் போகும். அவர் மறுபடி பட்டனை அழுத்துவார், இரண்டாவது ஆர்டர் பிறக்கும். ரெயில்ஸின் பழைய வெர்ஷன்கள் இந்த எரர்களை லாகில் எழுதிவிட்டு விழுங்கிவிடும். 5 முதல் அப்படி இல்லை. ஜாங்கோவில் ஓர் ஆன் கமிட் ஃபங்ஷன் விழுந்தால் அதற்குப் பின்னால் காத்திருப்பவையும் ஓடாது, 4.2-இல் வந்த ரோபஸ்ட் என்ற ஆப்ஷன் அதற்காகத்தான்.

3. ஒரே பெயர். ஆஃப்டர் கிரியேட் கமிட்டுக்கும் ஆஃப்டர் அப்டேட் கமிட்டுக்கும் ரெயில்ஸில் ஒரே மெத்தட் பெயரைக் கொடுத்தால், கடைசியாக எழுதியது மட்டுமே செயல்படும். இரண்டுக்கும் வேண்டுமென்றால் ஆஃப்டர் சேவ் கமிட் இருக்கிறது.

4. ரெப்ளிகா. கமிட்டுக்குப் பிறகே க்யூவில் போட்டாலும், வொர்க்கர் வாசிப்பது ரெப்ளிகா சர்வரிலிருந்து (முதன்மை டேட்டாபேஸின் நகல்) என்றால் ரோ இன்னும் அங்கே வந்து சேராமல் இருக்கலாம். பார்க்க அதே "கிடைக்கவில்லை" எரர்தான், காரணம் வேறு.

5. மொத்த மாற்றங்கள். ரெயில்ஸின் அப்டேட் ஆல், டிலீட் ஆல், ஜாங்கோவின் பல்க் கிரியேட் போன்றவை கால்பேக்குகளைத் தொடுவதே இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக வரும் டிரான்சாக்ஷன்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆஃப்டர் கமிட் காத்திருப்பது ஆக வெளியே இருக்கும் டிரான்சாக்ஷனின் கமிட்டுக்கு. ரெயில்ஸில் உள்ளே இன்னொரு டிரான்சாக்ஷன் பிளாக் எழுதினால் அது புதிதாக எதையும் திறப்பதில்லை, வெளியே இருப்பதோடு ஒட்டிக்கொள்கிறது. உள் பிளாக்குக்குள் ரோல்பேக் என்ற எக்ஸெப்ஷனை எழுப்பினால், அந்த உள் பிளாக்கே அதை விழுங்கிவிடும். வெளியே இருப்பவருக்குத் தகவல் போகாது. எல்லாம் கமிட் ஆகிவிடும். கோடை வாசிப்பவர் "இங்கே திரும்பிவிடும்" என்று நம்புகிற இடத்தில் எதுவும் திரும்புவதில்லை. உள்ளதை மட்டும் திரும்பப்பெற வேண்டுமென்றால் ரிக்வயர்ஸ் நியூ என்று கேட்டுச் சேவ்பாயின்ட் (டிரான்சாக்ஷனுக்குள் அதுவரை மட்டும் திரும்பக்கூடிய ஓர் அடையாளம்) ஒன்றை உருவாக்க வேண்டும்.

## தொலையவே கூடாத வேலைகளுக்கு

ஆஃப்டர் கமிட்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதைக் கால்பேக்கால் அடைக்க முடியாது. கமிட் முடிந்து, கால்பேக் ஓடுவதற்குள் பிராசஸ் செத்தால்? டிப்ளாய் நடக்கிறது, மெமரி தீர்கிறது, ரெடிஸ் ஒரு கணம் பதில் சொல்லவில்லை, எதுவும் போதும். ஆர்டர் இருக்கும், ஜாப் இருக்காது. முன்பு இல்லாத ஆர்டருக்கு ரசீது போனது. இப்போது இருக்கும் ஆர்டருக்கு ரசீது போகவில்லை. வரவேற்பு மெயில் என்றால் விட்டுவிடலாம். பணம் திருப்பிக்கொடுக்கும் கோரிக்கை என்றால் விட முடியாது.

இதற்கான வழி அவுட்பாக்ஸ் எனப்படுகிறது. வெளியே அனுப்பவேண்டிய செய்தியை ஆர்டரோடு அதே டிரான்சாக்ஷனில் ஒரு டேபிளில் ரோவாக எழுதிவிட வேண்டும். கமிட் ஆனால் இரண்டும் இருக்கும், ரோல்பேக் ஆனால் இரண்டும் இருக்காது. தனியாக ஓடும் ஒரு பிராசஸ் அந்த டேபிளைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பி, அனுப்பியதைக் குறித்துக்கொள்ளும். அனுப்பிவிட்டுக் குறிப்பதற்குள் அது செத்தால் மறுபடி அனுப்பும். ஆகவே ஒரே செய்தி இரண்டு முறை போகலாம். பெறுபவர் செய்தியின் அடையாள எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே செய்ததைத் தள்ளிவிடும்படி இருக்க வேண்டும். பல வொர்க்கர்கள் ஒரே டேபிளை மொய்க்கும்போது, மற்றவர் பூட்டிய ரோக்களைத் தாண்டிச் செல்லும் ஸ்கிப் லாக்ட் உதவும், போஸ்ட்கிரஸ் 9.5-இலும் மைஎஸ்க்யூஎல் 8.0-இலும் இது வந்தது.

எழுதும்போது தவறுவது ஒரு சின்ன இடத்தில். "கடைசியாகப் படித்த ஐடி 500, அடுத்து 500-க்கு மேல் உள்ளவற்றை எடு" என்று எழுதத் தோன்றும். ஆனால் ஐடி கிடைக்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றல்ல. 499-ஐ எடுத்த டிரான்சாக்ஷன் நீளமாக ஓடி, 500-க்குப் பிறகு கமிட் ஆனால், அந்த 499-ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு ரோவிலும் "அனுப்பியாயிற்றா" என்ற குறி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஜாப் க்யூவே அதே டேட்டாபேஸில் இருந்தால் கணக்கு தலைகீழாகும். டிலேய்ட் ஜாப், குட் ஜாப் போன்றவை ஜாபை ஒரு ரோவாக எழுதுகின்றன. அங்கே ஆஃப்டர் சேவுக்குள் ஜாப் போடுவதுதான் சரி. ஆர்டரும் ஜாபும் சேர்ந்தே கமிட் ஆகும், அவுட்பாக்ஸ் தனியாக வேண்டியதில்லை. "எப்போதும் ஆஃப்டர் கமிட்" என்று மனப்பாடம் செய்துகொண்டு இதையும் மாற்றினால், கையில் இருந்த உறுதியை நாமே இழக்கிறோம். ரெயில்ஸ் 8 இயல்பாகத் தரும் ஜாப் க்யூவான சாலிட் க்யூவும் டேட்டாபேஸில்தான் எழுதுகிறது; ஆனால் அது புரொடக்ஷனில் தனி டேட்டாபேஸில் அமைகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தனி டேட்டாபேஸ் என்றால் தனி டிரான்சாக்ஷன், மறுபடி ரெடிஸ் கணக்குதான்.

## எதை எங்கே வைப்பது

ஒவ்வொரு கால்பேக்கிடமும் ஒரே கேள்வி: ரோல்பேக் ஆனால் நீ செய்தது திரும்புமா?

1. திரும்பும் என்றால், அதாவது அதே டேட்டாபேஸில் எழுதும் ரோ என்றால், உள்ளேயே இருக்கட்டும். தணிக்கைப் பதிவு, கூட்டுத்தொகை, எண்ணிக்கை எல்லாம் உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே தள்ளினால் பாதி எழுதி நிற்கும்.

2. திரும்பாது, தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்றால் ஆஃப்டர் கமிட். கேஷை அழிப்பது, அறிவிப்பு அனுப்புவது போன்றவை.

3. திரும்பாது, தொலையவும் கூடாது என்றால் அவுட்பாக்ஸ் அல்லது அதே டேட்டாபேஸில் உள்ள க்யூ.

கால்பேக்கே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மெயில் முகவரியைச் சின்ன எழுத்துக்கு மாற்றுவது போல, தன் ரோவை மட்டும் சீர்செய்யும் பிஃபோர் சேவ் கால்பேக்கால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் மாடலுக்கு வெளியே கை நீட்டும் வேலை, ஆர்டரை உருவாக்கும் கோடிலேயே கண்ணுக்குத் தெரியும்படி, கமிட்டுக்குக் கீழே ஒரு வரியாக இருப்பது எப்போதும் மேல். பழைய தரவை இறக்குமதி செய்யும் ஸ்கிரிப்ட் ஓடும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரசீது போகாமல் இருக்கவும் அதுவே காப்பு.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடில் இதைத் தேட ஒரு குறுக்குவழி உண்டு. மாடலை உருவாக்கும் வரியை ஒரு டிரான்சாக்ஷன் பிளாக்குக்குள் போட்டு, கடைசியில் வேண்டுமென்றே ரோல்பேக் செய்யும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். பிறகு மூன்றைப் பாருங்கள்: ஜாப் க்யூ, மெயில் பெட்டி, வெளியே போன ஹெச்டிடிபி அழைப்புகள். மூன்றும் காலியாக இருக்க வேண்டும். ரெயில்ஸ் 5-க்குப் பிறகு டெஸ்டைச் சுற்றியுள்ள டிரான்சாக்ஷன் இதற்கு இடைஞ்சல் செய்யாது, ஆஃப்டர் கமிட்டும் ஒழுங்காக ஓடும். ஜாங்கோவின் வழக்கமான டெஸ்ட்கேஸில் ஆன் கமிட் ஓடவே ஓடாது. எனவே ரோல்பேக் இல்லாத பாதையில் மெயில் சரியாகப் போகிறதா என்று பார்க்க, 3.2-இல் வந்த கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் வேண்டும். மூன்றில் ஒன்று காலியாக இல்லையென்றால், அதை அங்கே போட்ட கால்பேக்தான் முதலில் இடம் மாற்ற வேண்டியது.